காவல்காரர் எப்போது விழித்தார்?

2021 மே மாதம். காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா. முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பிள்ளைகளின் அப்பத்தாவுக்கு 77 வயது. இரண்டு நாள் இருமினார். மூன்றாம் நாள் கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று மருமகளிடம் குறைபட்டுக்கொண்டார். பிள்ளைகள் இருவருக்கும் மூக்குகூடச் சரியாக ஒழுகவில்லை. மருமகளுக்கு நான்கு நாள் காய்ச்சல். அவர் கணவருக்கோ 46 வயது, சர்க்கரை கிடையாது, அழகப்பா பல்கலைக்கழகச் சாலையில் நாள் தவறாமல் காலை நடை. எட்டாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தார்.

தெரு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: "அவருக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி." அப்பத்தா தப்பித்ததற்கும் அதே சொல்தான் காரணம், அந்தக் காலத்துச் சாப்பாடாம். கொரோனா ஆட்டிவைத்த அந்த இரண்டு வருடங்களில் இந்தச் சொல்லை ஒட்டி எத்தனை விதமான பொட்டலங்கள் விற்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

எதிர்ப்புச் சக்தியை நாம் வண்டியின் பெட்ரோல் முள்ளைப் போல நினைக்கிறோம். நிறைந்திருந்தால் நல்லது, இறங்கினால் ஆபத்து, கசாயம் குடித்தால் ஏறும். ஆனால் ஆக்சிஜனில் கிடப்பவரின் ரத்தத்தைச் சோதித்தால் அந்த முள் உச்சத்தில் நிற்கும். வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்கள் அதில் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். சக்தி குறைந்து படுத்தவர் உடம்பில் அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது?

இது ஒரு வீட்டுப் புதிர் மட்டும் இல்லை. 2020-ல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப்பணியாளர்கள் சேகரித்த விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் அலசி, அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தொற்று உறுதியான 84,965 பேர், அவர்களோடு பழகிய 5,75,071 பேர் என்று பெரிய கணக்கு அது. 5 முதல் 17 வயது வரையிலானவர்களில் தொற்று உறுதியாகி இறந்தவர்கள் 0.05 விழுக்காடு. 85 வயதைக் கடந்தவர்களில் 16.6 விழுக்காடு. வைரஸ் ஒன்றுதான், விளைவில் முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். சராசரி இப்படி இருக்க, ஒரு 77 வயது அப்பத்தா உப்புக் கேட்கிறார், அவர் மகன் மூச்சுக்குத் தவிக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வீடு ஒன்றுக்குள் போக வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, வானம் தெரியும் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பல வீடுகளில் ஆண்டு முழுதும் இருப்பது ஒரே ஒரு காவல்காரர்தான். அவரிடம் துப்பாக்கி கிடையாது. ஒரு கம்பு, ஒரு டார்ச், நல்ல தொண்டை.

திருடன் வந்தால் பங்காளிகளுக்குச் சொல்லி, அவர்கள் ஒருவருக்கொருவர் பேசி, புறப்பட்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும். வந்தால் கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்வார்கள். திருடனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனை மட்டும் தேடிப் பிடிப்பார்கள், அவன் முகத்தை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். நம் உடம்பில் இந்தப் பங்காளிகள்தான் எதிர்ப்பொருள்களும் டி-செல்களும். இதைப் 'பெறப்பட்ட நோய்த்தடைக்காப்பு' என்பார்கள். தடுப்பூசி பழக்குவது முக்கியமாக இவர்களைத்தான். ஆனால் முன்பின் தெரியாத வைரஸ் ஒன்று வந்தால் இவர்கள் தயாராக ஏழிலிருந்து பத்து நாள் பிடிக்கும். வைரஸோ ஒரு செல்லுக்குள் நுழைந்து அரை நாளுக்குள் புதுப் படையை வெளியே அனுப்பத் தொடங்கிவிடும்.

அந்த ஒரு வாரத்துக்கு வீடு காவல்காரர் பொறுப்பில். அவர்தான் 'இயல்பு நோய்த்தடைக்காப்பு': பிறக்கும்போதே கூட வருவது, யாரும் சொல்லிக்கொடுக்காதது. சுவாச வைரஸ்களைப் பொறுத்தவரை மூக்கும் தொண்டையும் திண்ணை. நுரையீரலின் கோடியில் இருக்கும் 30 கோடிக்கு மேற்பட்ட காற்றுப்பைகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வளவு. காற்று இறங்குவது அங்கேதான். திருடனைத் திண்ணையோடு அனுப்பிவிட்டால் அது சளி. வளவுக்கு இறங்கிவிட்டால் அது நிமோனியா.

திருடனைக் காவல்காரர் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? நடுச்சாமத்தில் கையில் கடப்பாரையோடு ஒருவன் வளவில் நின்றால் அவன் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வைரஸ் கையில் இருக்கும் கடப்பாரை அதன் ஆர்.என்.ஏ. பெருகும்போது அது நீண்ட இரட்டை இழையாக நகலெடுக்கும். ஆரோக்கியமான செல்லில் அப்படி ஒரு பொருள் திரிய வேலையே இல்லை. செல்லுக்குள் இருக்கும் சில உணரிப் புரதங்கள் அதைத் தொட்டவுடன் விழித்துக்கொள்ளும்.

இந்த உணரிகளை நமக்குக் காட்டிக்கொடுத்தது வாழைப்பழத்தைச் சுற்றும் பழ ஈ. அதன் உடல் வளர்ச்சியை நிர்ணயிக்கும் ஒரு மரபணுவுக்கு ஜெர்மன் ஆய்வாளர்கள் 'டோல்' என்று பெயரிட்டிருந்தார்கள்; 'அட்டகாசம்' என்று பொருள். 1996-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மான் குழுவினர் டோல் கெட்டுப்போன ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற ஈக்கள் சமாளித்துக்கொண்ட பூஞ்சை, இந்த ஈக்களின் உடம்பை ரோமம் போல மூடிக்கொண்டு வளர்ந்துவிட்டது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து புரூஸ் பாய்ட்லர் அதே குடும்பத்தைச் சேர்ந்த உணரியை எலியில் கண்டார். 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் இவர்கள் இருவரும் உண்டு. டோல் போன்ற உணரிகள் மனிதர்களிடம் பத்து. அவற்றில் 3-ம் எண்ணும் 7-ம் எண்ணும் வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்காகக் காத்திருப்பவை.

விழித்த காவல்காரர் என்ன செய்வார்? முதல் வேலை சண்டை இல்லை, கூவுவது. 1957-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் இருவரும் கருவுற்ற கோழிமுட்டையின் உள்சவ்வைத் துண்டு போட்டு, சூட்டில் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸை அதன்மேல் விட்டார்கள். (செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு போனதை எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வோம், அறிவியலுக்கு முட்டை செய்த உபகாரம் அதைவிடப் பெரிது.) பிறகு சவ்வை எடுத்துவிட்டு, அது கிடந்த திரவத்தை மட்டும் புதிய சவ்வுத் துண்டுகளோடு சேர்த்தார்கள். உயிருள்ள வைரஸை இப்போது விட்டபோது அது அங்கே வளர மறுத்தது. திரவத்தில் ஏதோ ஒரு செய்தி இருந்திருக்கிறது. வைரஸுக்குக் குறுக்கே விழுவதால் அதற்கு 'இன்டர்பெரான்' என்று பெயர் வைத்தார்கள். சக விஞ்ஞானிகள் சிலர் நம்பாமல், இது கற்பனையில் மட்டும் இருக்கும் பொருள் என்று 'இமாஜினான்' ஆக்கிக் கேலி செய்ததும் உண்டு. தமிழில் 'இடைமறிப்பான்' என்று சொல்லிப் பார்க்கலாம். மருத்துவர் சீட்டில் இன்டர்பெரான் என்றே இருக்கும்.

தொற்றிய செல் இடைமறிப்பானை வெளியே விடுகிறது. பெரும்பாலும் அந்தச் செல் பிழைப்பதில்லை. பக்கத்துச் செல்கள் கூவல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. சில புரதங்கள் உள்ளே வரும் ஆர்.என்.ஏ.வைக் கத்தரிக்க ஆள் கூப்பிடும். சில அடுப்பையே அணைத்துவிடும். வைரஸுக்குச் சொந்த அடுப்படி கிடையாது, நம் செல்லின் பாத்திரத்தில் நம் விறகில்தான் அது சமைத்தாக வேண்டும். புரதம் செய்வதையே செல் நிறுத்திக்கொண்டால் வைரஸும் பட்டினி. காய்ச்சல், உடம்புவலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் இந்தக் காவல்காரர் போடும் சத்தம்தான். நாம் அவற்றை வைரஸின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். 2021-ல் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் குழந்தைகளின் மூக்குச் செல்களையும் பெரியவர்களின் மூக்குச் செல்களையும் ஒப்பிட்டார்கள். தொற்று இல்லாதபோதே குழந்தைகளின் செல்களில் ஆர்.என்.ஏ. உணரிகள் கூடுதலாக இருந்தன. அவர்கள் வீட்டுக் காவல்காரர் கட்டிலில் படுக்கவே இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெரியவர்கள் வீட்டில் அவர் கண்ணைக் கசக்கி, டார்ச்சைத் தேடி எடுத்து வருவதற்குள் சில மணி நேரம் போய்விடுகிறது. ஒவ்வொரு வைரஸும் அரை நாளில் ஆயிரக்கணக்காகும் இடத்தில் சில மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

காவல்காரர் தாமதமாக எழக் காரணங்கள் பல. முதலாவது திருடனின் சாமர்த்தியம். நாய்க்குப் பிஸ்கட் போட்டு வாயடைப்பது போல, கொரோனா வைரஸ் தன் புரதங்கள் பலவற்றை இடைமறிப்பானை அமுக்குவதற்கென்றே வைத்திருக்கிறது. பாரிஸ் மருத்துவர்கள் 2020-ல் 50 நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தபோது, மிக மோசமாக இருந்தவர்களிடம் இடைமறிப்பான் குறைவாகவும் வீக்கப் பொருள்கள் அதிகமாகவும் இருந்தன. கூவல் இல்லை, கலவரம் மட்டும் உண்டு.

இரண்டாவது, காவல்காரரிடமே பிறவிக் கோளாறு. நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு சோடி சகோதரர்கள், நான்கு பேருமே அதுவரை ஆரோக்கியமான இளைஞர்கள், 2020-ல் வென்டிலேட்டருக்குப் போனார்கள். ஒருவர் இறந்தார். நால்வருக்கும் டோல் போன்ற உணரி 7-ஐ உண்டாக்கும் மரபணுவில் பழுது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. இந்தக் கதை கொரோனாவோடு தொடங்கியதும் இல்லை. இரண்டரை வயதில் சாதாரண ஃப்ளூவில் உயிருக்குப் போராடிய ஒரு பிரெஞ்சுக் குழந்தைக்கு, இடைமறிப்பானைப் பெருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது என்று 2015-லேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உலுக்கியது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஆய்வுக்கூடம் நடத்தும் ஜான்-லோரான் காசனோவாவின் குழுவினர் 2020-ல், உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேருடைய ரத்தத்தில் தங்கள் சொந்த இடைமறிப்பானையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தொற்று லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவரிடம்கூட இல்லை. காவல்காரரின் வாயைப் பொத்தியது வெளியாள் இல்லை, பங்காளி வீட்டு ஆளே. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். பிந்தைய ஆய்வுகளில், தொற்றே வராத 70 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இந்த எதிர்ப்பொருள்கள் ஓசையில்லாமல் இருப்பதும், கொரோனாவில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவரிடம் இருந்ததும் தெரிந்தது. வயதானவர்களும் ஆண்களும் ஏன் அதிகம் விழுந்தார்கள் என்பதில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. எங்கள் தெருக்காரரின் ரத்தத்தை யாரும் இதற்காகச் சோதிக்கவில்லை, ஆகவே அவர் கதை இதுதான் என்று நான் சொல்லமாட்டேன்.

சொத்துக் கணக்கும் உண்டு. ஆர்.என்.ஏ.வைக் கத்தரிக்க ஆள் கூப்பிடும் புரதத்தின் வீரியமான வடிவம் ஒன்று நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்திருக்கிறது. அது இருப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்புக் கொஞ்சம் குறைவு. அதே முன்னோர் வழியில் மூன்றாம் குரோமோசோமில் வந்த இன்னொரு துண்டு ஆபத்தைக் கூட்டுகிறது. ஸ்வான்டே பாபோவும் ஹியூகோ செபெர்க்கும் 2020-ல் போட்ட கணக்கில் தெற்காசியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைச் சுமக்கிறார்கள், ஐரோப்பியர்களில் 16 விழுக்காட்டினர். சொத்தோடு கடனும் வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, காவல்காரர் தூங்கிவிட்டார். திருடர்கள் திண்ணையைக் கடந்து வளவெங்கும் பரவிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திடீரென்று எல்லாரும் விழிக்கிறார்கள். மின்சாரம் இல்லை, இருட்டு. ஊரே கம்போடு உள்ளே ஓடிவருகிறது. கையில் அகப்பட்டவனுக்கெல்லாம் அடி. பெல்ஜியம் கண்ணாடி நொறுங்குகிறது, பர்மாத் தேக்குக் கதவு பிளக்கிறது, ஆத்தங்குடிக் கல் பெயர்கிறது. விடிந்து பார்த்தால் திருடன் எடுத்ததைவிட நம் ஆட்கள் உடைத்தது அதிகம். நுரையீரலில் நடப்பதும் இதுதான். வெள்ளையணுக்களை வரவழைக்கும் 'சைட்டோகைன்' என்ற சமிக்ஞைப் பொருள்கள் கட்டுமீறிச் சுரக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவர் கசிகிறது, காற்றுப்பைகளில் நீர் கோக்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. எட்டாம் நாள் மூச்சு வாங்கியது இதனால்தான். ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்த எத்தனையோ வீடுகளை இந்த எட்டாம் நாள் ஏமாற்றியிருக்கிறது.

இது வெறும் கதை இல்லை என்பதற்குச் சாட்சி ஒரு பழைய மலிவு மாத்திரை. பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூனில் டெக்சாமெத்தசோன் பற்றிய முடிவைச் சொன்னது. இது எதிர்ப்பை அமுக்கும் ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. கெடுதலுக்கான சாடைகூடத் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி குறைவதுதான் நோய் என்றால், அதை இன்னும் குறைக்கும் மருந்து எப்படி உயிர் காக்கும்? பெட்ரோல் முள் கொள்கை இந்த ஒரு ஆய்விலேயே விழுந்துவிட்டது என்பேன்.

மறுபக்கத்துச் சாட்சி இடைமறிப்பானே. உலக சுகாதார நிறுவனத்தின் 'சாலிடாரிட்டி' ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்துவிட்ட 2,000-க்கு மேற்பட்டவர்களுக்கு பீட்டா வகை இடைமறிப்பானைக் கொடுத்தார்கள். பயன் இல்லை. பிரேசிலிலும் கனடாவிலும் நடந்து 2023-ல் வெளியான இன்னோர் ஆய்வில், அறிகுறி தோன்றி ஒரு வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு லாம்டா வகையில் ஒரே ஓர் ஊசி. மருத்துவமனையில் சேரவோ அவசரப் பிரிவில் தங்கவோ நேர்ந்தவர்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தார்கள். வகை வேறு, நோயாளிகளும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் திருடன் திண்ணையில் நிற்கும்போது எழுந்த கூவலுக்கும், வீடு நொறுங்கிய பிறகு எழுந்த கூவலுக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

காவல்காரரைப் பழக்க முடியுமா? சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2020-ல் இதைப் பார்த்தது. 60 முதல் 80 வயதுக்காரர்களுக்கு, பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியைப் போட்டு ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் கூடவில்லை, குறைந்திருந்தன. ஊசியால் எதிர்ப்புச் சக்தி 'ஏறும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது திகைப்பாக இருந்திருக்கும். ஆனால் ரத்தத்தில் அமைதி தெரிவதும் நோய் தடுக்கப்படுவதும் ஒன்றில்லை. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 4,000 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த 'பிரேஸ்' ஆய்வில் பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கவில்லை. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்விலும் அது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்காமல் நம்மை ஏமாற்றியது. இந்த ஊசி தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

காவல்காரரின் கையை நாமே கட்டிப்போட்டதும் நடந்தது. இரண்டாம் அலையின்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய சீட்டைப் பார்த்து, காய்ச்சலின் இரண்டாம் நாளிலேயே கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்களை நான் அறிவேன். கூவ வேண்டிய நேரத்தில் காவல்காரருக்குத் தூக்க மாத்திரை. சர்க்கரை நோயும் அளவில்லாத ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் கறுப்புப் பூஞ்சை வேர்விட்டது. 2021 மே மாதமே தமிழ்நாடு அரசு அதை, மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க வேண்டி வந்தது.

எங்கள் தெருக்காரர் பிழைத்தார். மருத்துவமனையில் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது?" அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, மனைவி ஒரு தேதி சொன்னார், அப்பத்தா இன்னொன்று. கொரோனாவோ ஃப்ளூவோ, அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.